கட்டைவிரலுக்கு அடியில் ஒரு வாத்து

அத்தியாயம் 4

மாடிப்படியில் ஒருவர் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தார். கோட்டு, டை, பளபளக்கும் ஷூ, இடது கக்கத்தில் உயிருள்ள ஒரு வாத்து. அவருக்கு இரண்டு படி கீழே நான் ஏறிக்கொண்டிருந்தேன். ஆகவே மூன்றாவது மாடி வரைக்கும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே போனோம். வாத்தும் என்னைத்தான் பார்த்தது.

"சார், லிஃப்ட் இருக்கே," என்றேன்.

"ஒப்பந்தத்துல லிஃப்ட் இல்ல," என்றார் அவர்.

முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். இந்த மாதிரி ஆட்களிடம் விவரம் கேட்கக் கூடாது, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் வந்த என் மருமகளுக்குத் தெரியாது. எந்த ஒப்பந்தம் என்று கேட்டுவிட்டாள். கேட்பதுதான் அவள் தொழில்.

அவள் துப்பறிவாளர், நான் உதவியாளர். என் மகன் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பான். மாமனாரும் மருமகளும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எவ்வளவு நாள் உட்கார்ந்திருப்பது? அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடிக்கிற வேலையில் இருந்தவள். ஒருநாள் மேலாளருடைய விபத்தையே பொய் என்று பிடித்துவிட்டாள், வேலை போய்விட்டது. "நாமளே ஒண்ணு ஆரம்பிக்கலாமா மாமா" என்றாள். ஆரம்பித்தோம். இதுவரை நான்கு பூனை, ஒரு சைக்கிள், ஒரு மாப்பிள்ளை ஆகியவற்றைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளையை மட்டும் பார்த்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது முதல் முறையாகப் பெரிய இடத்திலிருந்து அழைப்பு. என் விசிட்டிங் கார்டின் அழகுதான் காரணம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மெத்தைக் கடைக்கு மேலே இருந்த அந்த இடம் ஒரு மின்னூலகம். நூலகம் என்றதும் அலமாரிகளைத் தேடினேன். ஒரு புத்தகம்கூடக் கண்ணில் படவில்லை. கணினிகளும், கழுத்து நீண்ட விளக்கு பொருத்திய ஸ்கேன் மேசை ஒன்றும் இருந்தன. பழைய தீர்ப்புகள், ராஜாக்கள் போட்ட சமாதான ஒப்பந்தங்கள், தூதர்கள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் இரவல் வாங்கி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பக்கத்திலேயே தட்டச்சும் செய்து இணையத்தில் போடுகிறார்கள். யார் யாரோடு சண்டை போட்டார்கள், எப்படி ராசியானார்கள் என்று வீட்டில் படுத்துக்கொண்டே படிக்கலாமாம். என் தம்பி வீடு எங்களுக்கு அடுத்த சுவர் என்பதால் எனக்கு அந்த வசதி ஏற்கெனவே உண்டு.

இயக்குநர் எதற்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற ஆசாமி. வந்துட்டீங்களா, கட்டைவிரல். காபி சாப்பிடலாமா, கட்டைவிரல். மருமகள் வேண்டாம் என்றாள், அதற்கும் கட்டைவிரல். ரொம்ப சந்தோஷமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்ன விஷயம் இதுதான். அக்கம்பக்கத்து நாடுகள் இரண்டு இருநூறு வருஷத்துக்கு முன்னால் சமாதான ஒப்பந்தம் போட்டன. அதன் காலம் நாளையோடு முடிகிறது. நாளைக்கே புதுப்பிக்க வேண்டும். எப்படிப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. பதினோராவது ஷரத்தின் கடைசி வரி: "இரண்டாம் தரப்பின் தூதர் உயிருள்ள வாத்து ஒன்றைக் கக்கத்தில் இடுக்கி, முதுகு முன்னாக மண்டபத்துள் நுழைவாராக."

படிக்கட்டில் பார்த்தவர்தான் இரண்டாம் தரப்பின் தூதர். ஒரு மாதமாகப் பயிற்சி எடுக்கிறார். போன வாரம் தூதரகத் தோட்டத்து நீரூற்றில் மல்லாக்க விழுந்து, அங்கே கிடந்தபடி யோசித்ததில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. இந்த வரி நிஜம்தானா?

மூலப் பிரதியைப் பார்த்தால் தீர்ந்துபோகும். ஆனால் அது ஒரு சேகரிப்பாளரிடம் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் சொத்துச் சண்டையில் இருப்பதால் பெட்டிக்கு நீதிமன்றம் சீல் வைத்துவிட்டது. மிச்சம் இருப்பது இந்த நூலகத்தின் படம் ஒன்றுதான். இயக்குநர் அதைத் திரையில் காட்டினார்.

பதினோராவது ஷரத்து முடிகிற இடத்தில் ஒரு கட்டைவிரல் இருந்தது.

பக்கத்தை அழுத்திப் பிடித்த யாரோ ஒருவருடைய விரல். கரண்டி போல அகலமாக, நகத்தின் நடுவில் ஒரு பிளவோடு, அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் சாவகாசமாகப் படுத்திருந்தது. அதற்கு அடியில் வாத்து இருக்கிறதா இல்லையா என்பது விரலுக்குத்தான் தெரியும்.

"எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் இயக்குநர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, டைப்பிஸ்ட் அம்மாவின் வேலை அது என்றார். போன வருஷம் புது வலைத்தளத்துக்காக எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்தது அவர்தான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற சுபாவம் வேறு. தூதரகம் ஐந்து மணி வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. அதற்குள் திருத்த அறிவிப்பு போட்டு, பிழை செய்தவரின் பெயரையும் அதில் போட்டு, அவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. நாங்கள் விசாரித்ததாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

"விசாரிச்சிட்டு எழுதறோம்," என்றாள் மருமகள். கட்டைவிரல் உயர்ந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாக.

டைப்பிஸ்ட் அம்மா ஜன்னலோரத்தில் இருந்தார். மேசை டிராயரைக் காலி செய்து பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு டம்ளர், ஒரு சீப்பு, மகள் பள்ளிக்கூடத்தில் செய்துகொடுத்த பேனா ஸ்டாண்டு. அன்று அவர் சிரிக்கவில்லை. விரல் மறைத்த இடத்தில் என்ன செய்தீர்கள் என்று மருமகள் கேட்டாள். படம் தெரியாத இடத்தில் பழைய தட்டச்சில் உள்ளதை அப்படியே எடுக்க வேண்டும் என்பது நூலகத்தின் விதியாம், அதைத்தான் செய்தாராம். பழைய தட்டச்சு எங்கே என்றோம். புது வலைத்தளம் வந்ததும் இயக்குநர் அழித்துவிட்டார் என்றார்.

"வேலை போறதுகூடப் பரவால்ல மேடம். வேற வேலை தேடிக்குவேன். ஆனா பொய் எழுதினவள்னு என் பேரை அதுல போட்டுட்டா, பழைய ஆவணம் இருக்கற எந்த இடத்துலயும் என்னை வாசல்ல கூட நிறுத்த மாட்டாங்க. எனக்கு வேற எந்த வேலையும் இவ்ளோ பிடிக்காது."

பஸ்ஸில் ஒருமுறை டிக்கெட் எடுத்த பெண்ணையே எடுக்கவில்லை என்று செக்கர் இறக்கிவிட்டபோது அவள் முகம் இப்படித்தான் இருந்தது. அன்றைக்குச் செக்கரோடு சண்டை போட்டேன். இன்றைக்கும் சண்டை போடத் தயாராகி, முதல் காரியமாக அலுவலகத்தில் உள்ள எல்லாருடைய கட்டைவிரலையும் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

கேட்டதும் எல்லாரும் காட்டினார்கள், வயசான மனுஷனுக்கு ஏதோ ஆசை என்று நினைத்திருப்பார்கள். பிளவு பட்ட நகம் யாரிடமும் இல்லை. ஸ்கேன்காரர் மட்டும் காட்டவில்லை. வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். கையுறையோடே பிஸ்கட் தின்றார். கழற்றச் சொன்னேன். கழற்றினார். குழந்தை விரல் மாதிரி இருந்தது. பக்கத்தைத் தொடுகிறவர்கள் கையுறை இல்லாமல் தொட்டால் இயக்குநர் கொன்றே போடுவார் என்றார். இயக்குநர் அறைக்குப் போனேன், அவர் போனில் இருந்தார். காபி கிடைக்குமா என்று சைகையில் கேட்டேன். தலையை ஆட்டினார். வேலையில் மூழ்கியவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

தோல்வியோடு திரும்பிய என்னை மருமகள் கணினி முன்னால் உட்கார வைத்தாள். மற்றத் தொகுதிகளிலும் இதே விரல் இருக்கிறதா என்று ஆளுக்குப் பாதியாகத் தேடினோம். வெளியே வராந்தாவில் தூதர் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். சுவர் வருகிறதென்று வாத்து ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே கத்தியது.

ஆறு தொகுதி. ஆறு கட்டைவிரல். ஒரு தொகுதிக்கு ஒன்றே ஒன்று, அதே பிளவு பட்ட நகம். ஒவ்வொரு விரலுக்கும் எதிரே தட்டச்சு செய்திருந்த வரியை நான் உரக்கப் படித்தேன். ஒரு தீர்ப்பில், "சாட்சியாகிய கழுதைக்கு நீதிமன்றம் நாற்காலி அளிக்கக் கடவது." ஒரு கடிதத்தில், "மாமன்னரின் கிளி இந்த யோசனையை ஏற்கவில்லை." எல்லை ஒப்பந்தம் ஒன்றில், ஆடு எந்தப் பக்கம் படுக்கிறதோ அதுவே எல்லை.

"இத்தனை தொகுதியில மிருகம் எங்கெல்லாம் வருது மாமா?" என்றாள் மருமகள்.

"விரலுக்கு அடியில."

"வேற எங்கயும் இல்லையா?"

"குதிரை நிறைய இருக்கு. ஆனா அதெல்லாம் வேலைக்கு வந்தது. இதுங்க மாதிரி அதிகாரம் பண்ணல."

யாரோ குறும்புக்காரன் செய்த வேலை என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "புத்தகத்துக்கு ஒண்ணுன்னு கணக்கா குறும்பு பண்றவன் குறும்புக்காரன் இல்ல மாமா, அதிகாரி."

பிறகு பொறுமையாக எனக்கு விளக்கினாள். என் தம்பி மனைவி, வீட்டுச் சேதியெல்லாம் தெருவுக்கு யார் வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்க, பல் செட் கட்டப்போவதாக ஒரு பொய்யை என் மருமகள் காதில் மட்டும் போட்டுவைத்தாள். அதை மருமகள் என்னிடம் மட்டும் சொன்னாள். மறுநாள் காய்கறி வண்டிக்காரர்கூட எப்போது பல் கட்டப்போகிறீர்கள் என்று தம்பி மனைவியைக் கேட்டார். இந்த வரிகளும் அந்தப் பல் செட் மாதிரிதான் என்றாள் மருமகள். யாராவது நூலகத்தை மொத்தமாக நகல் எடுத்துத் தங்களுடையது என்று போட்டுக்கொண்டால், உண்மையான வரிகளை வைத்துத் திருட்டை நிரூபிக்க முடியாது. மூலத்திலிருந்து நாங்களே எடுத்தோம் என்பார்கள். இல்லாத வாத்தை எந்த மூலத்திலிருந்து எடுப்பார்கள்? அந்த வாத்து இருக்க வேண்டியது, படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாத இடத்தில். ஆகவே முதலில் விரலை வைத்துப் படம் எடுத்துவிட்டு, அதற்கு எதிரே வாத்தை எழுதியிருக்கிறார்கள்.

"அப்ப திருடன் ஒருத்தன் இருந்தா, அவன்கிட்டயும் வாத்து இருக்கும்," என்றேன். என் வாழ்க்கையில் நான் சரியாகச் சொன்ன முதல் துப்பு அது.

அவள் வாத்து வரியை அப்படியே தேடலில் போட்டாள். இரண்டு முடிவு வந்தது. ஒன்று நாங்கள் உட்கார்ந்திருந்த நூலகம். மற்றது ஒப்பந்தத்தின் முதல் தரப்பு, அதாவது நாளைக்கு விருந்தளிக்கப் போகிற பக்கத்து நாட்டின் அரசு ஆவணக் காப்பகம். "எமது மூலப் பிரதியிலிருந்து நேரடியாக" என்று மேலே கொட்டை எழுத்தில் பெருமை. கீழே வாத்து. தோண்டினால் கழுதை, கிளி, ஆடு எல்லாமே அங்கே சௌக்கியமாக இருந்தன.

பக்கத்தின் அடியில் ஏற்றிய தேதியும் இருந்தது. எட்டு வருஷம் ஆகிறது. மருமகள் எழுந்து ஜன்னலோரம் போய், எட்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். விமான நிலையத்தில், காணாமல்போன பெட்டிகளுக்குப் பதில் சொல்கிற கவுன்டரில் என்றார் டைப்பிஸ்ட் அம்மா. நூலகத்தில் சேர்ந்து நான்கு வருஷம்தான் ஆகிறதாம்.

எனக்கு வாத்தைத் தூக்கி முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. ஒரு நாட்டின் அரசாங்கமே திருடி, இவர் குற்றவாளி இல்லை என்று நிரூபித்துவிட்டது. உடனே அவரிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

"பாதிதான் ஆச்சு மாமா. இவங்க எழுதலன்னு தெரிஞ்சுது. யாரு எழுதினாங்கன்னு சொல்லலன்னா, அஞ்சு மணிக்கு அந்த அறிவிப்புல வேற ஒரு பாவப்பட்டவர் பேர் வரும்."

ஐந்து மணிக்கு இயக்குநர் அறையில் கூடினோம். தூதர் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் தோளுக்கு மேலே வாத்து மட்டும் எங்களைக் கவனித்தது. டைப்பிஸ்ட் அம்மா பையோடு கதவோரம் நின்றார்.

மருமகள் சுருக்கமாக எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து நாட்டு வலைப்பக்கத்தைத் திறந்து தேதியைக் காட்டினாள். டைப்பிஸ்ட் அம்மா பையைக் கீழே வைத்தார். இயக்குநர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் அப்போது இருந்த பழைய ஸ்கேன்காரன் வேலைதான், விரலும் அவனுடையதாகத்தான் இருக்கும், அவன் எங்கே போனானோ தெரியாது என்றார்.

"கையுறை இல்லாம அவர் பக்கத்தைத் தொட்டா யாரு திட்டுவாங்க?" என்று மருமகள் கேட்டாள்.

"நான்தான்."

"நீங்க தொட்டா?"

இயக்குநர் மறுபடி கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், காலையில நாங்க வந்ததுல இருந்து எல்லாத்துக்கும் கட்டைவிரலைக் காட்டினீங்க. நான் விசாரிச்சிட்டுத்தான் எழுதுவேன்னு சொன்னதுக்குக் காட்டினதுதான் கடைசி, அதுக்கப்புறம் ஒரு தடவைகூடக் காட்டல. மாமா காபி கேட்டதுக்குத் தலையை ஆட்டினீங்க. இப்ப கழுத்தைத் துடைக்கறதும் இடது கையால. வலது கை எங்க சார்?"

வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. அறையில் எல்லாரும் அந்தப் பையையே பார்த்தார்கள். தூதர்கூடத் திரும்பிப் பார்த்தார். அன்றுதான் அவர் முகம் முன்பக்கம் வருவதை வாத்து பார்த்திருக்க வேண்டும், ஒரு சத்தம் போட்டது. இயக்குநர் மெதுவாகக் கையை வெளியே எடுத்தார். கரண்டி போல அகலம், நடுவில் பிளவு.

பிறகு தானாகவே எல்லாம் வந்தது. ஆரம்ப காலத்தில் ஊரில் உள்ளவன் எல்லாம் நூலகத்தை நகல் எடுத்தானாம். ஒரு வக்கீல் இந்தப் பொறியைச் சொல்லிக்கொடுத்தாராம். பக்கத்தில் எழுத்தே இல்லாத இடமாகப் பார்த்து விரலை வைத்திருக்கிறார். அடியில் வெறும் காகிதம்தான். வரிகளை ரசித்து எழுதினாராம். கிளி வரி எழுதிய அன்றைக்குத் தூக்கமே வரவில்லையாம், சிரித்துச் சிரித்து.

"பார்த்த உடனே விளையாட்டுன்னு தெரிஞ்சிடும், யாரும் நம்ப மாட்டாங்கன்னு நினைச்சேன்," என்றார்.

"நான் நம்பினேன்," என்றார் தூதர்.

இயக்குநர் மருமகளைப் பார்த்துக் கெஞ்ச ஆரம்பித்தார். ஆறு பொய் வரி வெளியே தெரிந்தால் மற்ற வரிகளை எந்த நீதிமன்றம் நம்பும், இத்தனை பேர் வேலை என்ன ஆகும், ஒருவர் பெயரோடு முடிந்துபோகட்டுமே என்றுதான் நினைத்தாராம். கேட்கிறபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. அப்படிக் குற்றத்தை மூடி மறைக்கிறவர் துப்பறிவாளரை எதற்கையா கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். விசாரித்ததாகக் கணக்குக் காட்ட யாராவது வேண்டியிருந்ததாம். "ஊர்லயே மோசமான ஆளாத் தேடினேன். எல்லாருமே உங்களைத்தான் சொன்னாங்க."

என் விசிட்டிங் கார்டு பைக்குள் கனத்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? "தப்பு சார். எங்களுக்கும் கீழ ஒருத்தர் இருக்கார். அவரே காணாமப் போயிட்டதால உங்களுக்குக் கிடைக்கல," என்றேன்.

தூதர் கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ திரையில் பக்கத்து நாட்டுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சிரிப்பு விரிந்தது. நாளைக்கு அவர் வாத்து இல்லாமல், மனுஷனாக நேரே நடந்து உள்ளே போவாராம். வாத்து எங்கே என்று அவர்கள் கேட்டால் எங்கே எழுதியிருக்கிறது என்பாராம். அவர்கள் தங்கள் பக்கத்தைக் காட்டினால் திருட்டு வெளியாகும், காட்டாவிட்டால் வாயைத் திறக்க முடியாது. இத்தனை வருஷமாக மீன்பிடி எல்லை விஷயத்தில் தன்னை மடக்கிய ஆட்களை ஒருமுறையாவது மடக்கப் போகிற சந்தோஷத்தில் அவர் எங்கள் எல்லாருக்கும் கை கொடுத்தார். இயக்குநருக்கும் கொடுத்தார், ஆனால் திருத்த அறிவிப்பு அரை மணி நேரத்தில் வந்தாக வேண்டும், ஆறு வரியும் அதில் இருக்க வேண்டும், உண்மையான பெயரோடு இருக்க வேண்டும் என்றார். பிறகு ஒரு மாதத்தில் முதல் தடவையாக முன்பக்கமாக நடந்து போய், கதவு நிலையில் இடித்துக்கொண்டார்.

நூலகம் கவிழ்ந்துவிடுமே என்று இயக்குநர் மறுபடி முனகினார்.

"நீங்களா சொல்லிட்டா ஆறு வரியோட போகும் சார்," என்றாள் மருமகள். "அவங்க மேல போட்டுட்டு, அப்புறமா யாராவது கண்டுபிடிச்சா மொத்தமும் போகும். மோசமான நாங்களே ஒரு நாள்ல கண்டுபிடிச்சிட்டோம்."

இயக்குநர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். கடைசியில் டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்த்து, நீங்கள் வழக்கம் போல நாளைக்கு வந்துவிடுங்கள் என்றார். அவர் பையை எடுத்துக்கொண்டார். நேரே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் திறந்தார். திருத்த அறிவிப்பைத் தட்டச்சு செய்வது அவர் வேலை. நாங்களும் பின்னாலேயே போனோம். இயக்குநரும் வந்து, பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைத்த பையனைப் போல மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

வாத்து, கழுதை, கிளி, ஆடு, மிச்சம் இருந்த இரண்டும் டைப்பிஸ்ட் அம்மாவின் விரலில் மடமடவென்று வந்து விழுந்தன. ஒரு பிழை இல்லை. "மேற்கண்ட வரிகளைப் பொய்யாகச் சேர்த்தவர்" என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்துவிட்டு, விசைகளின் மேல் விரல்களை அப்படியே நிறுத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

இயக்குநர் தன் பெயரைச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா சார்," என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "தப்பா அடிச்சிடக் கூடாதில்ல."